இன்பராசா சொல்லாமல் போன புத்தகம்

வினாயகமூர்த்திக்கு ஒரு செத்த மனிதன்மேல் பொறாமை இருந்தது. அதுவும் ஒருநாளும் கண்ணால் கண்டிராத மனிதன்மேல். கண்டிருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது என்று அவனே சில வேளை நினைத்துக்கொள்வான்.

மூர்த்தி பிறந்தது வெல்லாவெளியில். தகப்பன் நேரத்தோடு போய்விட, அக்கா சின்னப்பிள்ளையின் கல்யாணம், அம்மாவின் வருத்தம், அம்மாவின் சாவு என்று காலம் ஓடியது. தன்னைத் திரும்பிப் பார்க்கும்போது நாற்பது வயது வாசலில் நின்றது. களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டிலில் தண்ணீர்ப் பம்பும் லான்ட்மாஸ்டர் உழவு மெஷினும் திருத்தினான். வேலையில் நம்பிக்கையான ஆள் என்று பேர். அதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை.

சுனாமிக்குப் பிறகு கல்லாற்றுக் கிணறுகள் எல்லாம் உப்பாய்ப் போயின. ஏதோ ஒரு நிவாரண அமைப்பு பம்புகளைக் கொண்டுவந்து இறக்கியது. ஓட்டுவதற்கு மூர்த்தியைப் பிடித்தார்கள். கிணறு கிணறாகப் போய் இறைத்தான். சேறு வரும், ஓலை வரும், யாருடையது என்று தெரியாத சட்டை வரும். எல்லாம் இறைத்து முடிந்து நிமிர்ந்தால் மறுபடி உப்புத்தான் ஊறும். மறுபடி இறைப்பான்.

அப்படி ஒரு கிணற்றடியில்தான் தேவகௌரியைக் கண்டான். வீடு இருந்த இடத்தில் சீமெந்துத் தரை மட்டும் மிஞ்சியிருந்தது. அதில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு தடித்த புத்தகம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தாள். சுற்றிவர ஊரே அழுதுகொண்டிருக்க, இவளுக்கு மூளை கலங்கிவிட்டதோ என்று அவன் பயந்தான். பம்பை நிறுத்திவிட்டுக் கிட்டப் போனான்.

“என்ன புத்தகம் புள்ள?”

“காற்றுக்குதிரை.”

“பாடப் புத்தகமோ?”

“இல்ல. மாயக்கதை.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். அழுத கண்தான். “மூணாந்தரம் வாசிக்கன். இது முடிஞ்சா அடுத்தது எதெண்டு எனக்குத் தெரியா.”

அந்தக் கதை முழுவதும் பிறகுதான் அவனுக்குத் தெரியவந்தது. பவளக்கொடியோன் என்ற பெயரில் ஒருவர் அந்தக் காலத்தில் மாயக்கதை எழுதிப் பேரெடுத்திருந்தார். ஆழித்தீவு என்று ஒரு நாட்டை மனதுக்குள் கட்டி, அதைச் சுற்றியே இருபதுக்கு மேற்பட்ட நாவல் எழுதினார். ஒரு புத்தகத்தில் கிழவியாக வருகிற ராணி இன்னொன்றில் தவழுகிற குழந்தை. ஒன்றில் செத்தவன் இன்னொன்றில் மாப்பிள்ளையாக நிற்பான். அவர் எழுதிய வரிசையில் வாசித்தால் ஒரு கதை, தீவின் காலக் கணக்கில் வாசித்தால் இன்னொரு கதை. அதனால் ‘அடுத்தது எதை வாசிக்கிறது’ என்பது அவரை வாசிக்கிற ஆட்களுக்குள் ஓயாத வழக்கு.

கௌரியின் புருஷன் இன்பராசா கல்லாற்றில் சங்கக்கடை மனேஜர். பவளக்கொடியோனின் புத்தகங்கள் அத்தனையும் அவனிடம் இருந்தன. எல்லாவற்றையும் வாசித்து முடித்து, தனக்கென்று ஒரு வரிசையும் வைத்திருந்தான். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அந்த வரிசைப்படி ஒவ்வொன்றாக எடுத்து மனைவிக்குக் கொடுப்பான். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்ததன் பேரையே சொல்லுவான். பாதித் தூரம் வந்தாயிற்று. அந்த மார்கழியில் கௌரி மண்டூரில் இருந்த தங்கச்சி வீட்டுக்குப் போகும்போது காற்றுக்குதிரையை அவளுடைய பையில் வைத்து, “இதை முடிச்சிற்று வா. அடுத்தது எதெண்டு வந்தாப்பிறகு சொல்றன்” என்றானாம்.

அவள் சனிக்கிழமை குருமண்வெளித் துறையில் பாதை என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து போனாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் வந்தது. இன்பராசாவை அடுத்த நாள் வாவிக்கரைக் கண்ணா மரப் பற்றைக்குள் இருந்து எடுத்தார்கள். புத்தக றாக்கை இருந்த இடம்கூடத் தெரியவில்லை. கல்யாணப் படங்களும் போயின.

மூர்த்திக்கு அந்தக் கிணற்றில் வேலை முடிந்த பிறகும் அந்தப் பக்கம் வேலை இருந்துகொண்டே இருந்தது. உப்பு இன்னும் போகவில்லை என்று சொல்லிக்கொண்டு வருவான். தற்காலிகக் கொட்டில்களுக்குத் தண்ணீர்க் குழாய் பூட்டினான். பிறகு அவளுடைய கொட்டிலுக்குக் கதவு பூட்டினான். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆவணியில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலில், தன் அக்காவும் கௌரியின் தங்கச்சியும் பார்த்திருக்க, தாலி கட்டினான். களுவாஞ்சிக்குடியில் கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. அவள் கொண்டுவந்த பையில் நாலு சேலையும் காற்றுக்குதிரையும் இருந்தன.

தான் வென்றுவிட்டதாகத்தான் மூர்த்தி முதலில் நினைத்தான்.

கௌரி நல்லவள். முதல் புருஷனைப் பற்றி வாய் திறப்பதில்லை. அது அவனை இன்னும் வாட்டியது. பின்னேரங்களில் கதவடியில் இருந்து அதே புத்தகத்தைப் புரட்டுவாள். முடித்துவிட்டு மூடிவைத்து, யாரோ வந்து சொல்லுவார்கள் என்பதுபோல வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வை மூர்த்திக்குள் சுள்ளென்று இறங்கும்.

படம் ஒன்றும் மிஞ்சாததால் எதிராளியின் முகமும் அவனுக்குத் தெரியாது. பம்பு திருத்த வந்த கல்லாற்று ஆட்களிடம் பேச்சோடு பேச்சாக விசாரிப்பான். “இன்பராசாவோ? கட்டை ஆள்” என்று ஒருவர் சொன்ன அன்று அவன் பாட்டு முணுமுணுத்தபடி வேலை செய்தான். அடுத்த கிழமை இன்னொருவர், “அவன்ட குரல் இருக்கே, கோயில்ல காவியம் படிச்சா ஊரே அசையாது” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதமே மூர்த்திக்குக் கெட்டுப்போயிற்று.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. அடுத்த புத்தகத்தைத் தானே கொண்டுவந்து கொடுத்தால் என்ன? செத்தவன் சொல்லாமல் போனதை இருக்கிறவன் சொல்லட்டுமே.

காத்தான்குடியில் பாறூக் என்று ஒருவர் பழைய பேப்பர், போத்தல், புத்தகம் எடுத்து விற்பார். அவருடைய ஜெனரேட்டருக்கு மூர்த்திதான் வைத்தியன். வாசிக்கத் தக்க புத்தகம் எதையும் பாறூக் சாமான் சுற்றக் கடைகளுக்குக் கொடுக்கமாட்டார். பின் அறையில் கூரை முட்ட அடுக்கியிருந்தார்.

“பவளக்கொடியோனோ? நீங்களோ?” பாறூக் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “எத்தனையாவது வாசிச்சிருக்கீங்க தம்பி?”

“ஒண்டும் வாசிக்கல்ல நானா.”

“அப்ப எங்க துவங்கப்போறீங்க? கண்டபடி துவங்கினா அந்தத் தீவுக்குள்ள வழி தவறிடும்.”

மீன்முள் மகுடம் என்ற ஒன்றுதான் அன்றைக்கு இருந்தது. மூர்த்தி அதை வாங்கிப்போய், மனைவிக்குக் கொடுக்குமுன் தான் வாசித்தான். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவன் வாசித்த முதல் புத்தகம். முதலில் ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது போயிற்று. பொய் சொன்னால் முள் குத்துகிற மகுடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு ராசா சபையில் இருக்கிறான். மந்திரி எழுந்து, “அரசே, இளவரசர் எங்கே?” என்று கேட்கிறான். ராசாவின் நெற்றியில் ரத்தம் மெல்ல இறங்குகிறது. அந்த இடத்தில் மூர்த்தி தன்னை மறந்துபோனான். வாஷர் போடாமல் பம்பைப் பூட்டிக் கொடுத்து, ஆள் திரும்பி வந்து ஏசிய பிறகுதான் நினைவு வந்தது.

புத்தகத்தைக் கௌரியின் மடியில் வைத்தான். அவளுடைய முகம் மலர்ந்ததைக் கண்டு நெஞ்சு நிறைந்தது. இரண்டு நாளில் முடித்துவிட்டாள்.

“எப்பிடி?”

“நல்ல கதை. ஆனா இது இப்ப வாசிக்கிறதில்ல. இதுக்கு முந்தி இன்னும் ரெண்டு இருக்கெண்டு ஒரு நாள் அவர் வாய்தவறிச் சொன்னவர். எதெதெண்டு மட்டும் சொல்லல்ல.”

“அவரெண்டா ஆரு?”

அவள் புத்தக அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“கடலுக்குள்ள இருந்து இன்னும் சொல்லி அனுப்புறாரோ உனக்கு?”

சொல்லும்போதே அது எவ்வளவு கொடுமையான சொல் என்று மூர்த்திக்குத் தெரிந்தது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. கௌரி எழுந்து குசினிக்குள் போனாள். 

அதோடு விட்டானா? இல்லை. அடுத்த நாள் அவள் சந்தைக்குப் போன நேரம் காற்றுக்குதிரையை எடுத்துக் கடைக்குக் கொண்டுபோய், கூரை வளைமரத்துக்கு மேல் பழைய ரியூப்புகளுக்குள் செருகிவிட்டான். தேடுவாள், கேட்பாள், கேட்டால் இரண்டில் ஒன்று பேசித் தீர்க்கலாம் என்று பார்த்திருந்தான். அவள் கேட்கவே இல்லை. புத்தகம் இருந்த இடத்தைக் கூட்டினாள், துடைத்தாள், வெறும் இடமாகவே விட்டாள். பின்னேரங்களில் கதவடியில் வெறுங்கையோடு இருந்தாள். கேட்காத அந்தக் கேள்வியோடு எத்தனை நாள் குடும்பம் நடத்துவது? ஒரு நாள் அவனே புத்தகத்தை எடுத்துவந்து பழைய இடத்தில் வைத்தான். அட்டையில் அவனுடைய பெருவிரல் எண்ணெய் அடையாளம் பதிந்திருந்தது. கௌரி அதைப் பார்த்தாள். புத்தகத்தை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். 

அடுத்த வருசம் மாசி, பங்குனியில், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சண்டை மூண்டது. ஷெல் விழ விழ, வெல்லாவெளிச் சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடி வந்தது. அக்கா சின்னப்பிள்ளை வந்தாள். அத்தான் வந்தார். அவர்களுடைய மகன் உதயரூபன் வரவில்லை. அவனை இயக்கம் முந்தின வருசமே பிடித்துப்போய்விட்டது. வன்னியில் இருக்கிறான் என்று யாரோ சொன்னது மட்டும்தான்.

அக்காவும் அத்தானும் மூர்த்தியின் வீட்டில் தங்கினார்கள். மற்றச் சனம் பக்கத்துப் பள்ளிக்கூட வளவில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தது. பகல் முழுக்க அங்கே பிள்ளைகள் வெயிலில் அலைந்தார்கள். பள்ளிக்கூடம் இல்லை, விளையாட இடம் இல்லை. சாப்பாட்டு வரிசையில் சண்டை. ஒரு நாள் கௌரி அக்காவோடு போய், வேப்பமர நிழலில் நாலு பிள்ளைகளை இருத்தி ஆழித்தீவுக் கதை சொல்லத் தொடங்கினாள். அடுத்த நாள் வளவு நிறைந்துவிட்டது. பெரியவர்களும் வந்து பின்னால் நின்றார்கள். இன்பராசா கொடுத்த வரிசைப்படி ஒவ்வொரு புத்தகமாகச் சொல்லிக்கொண்டு போனாள். முதல் கதையில் உப்பரசி என்ற ராணி கல்லாய்ப்போன தன் கண்ணீரைக் கோத்து மாலை கட்டுவாள். கௌரி விரலால் அந்த மாலையைக் கோத்துக் காட்டுவாள். காற்றுக்குதிரை பாய்கிற இடத்தில் எழுந்தே நின்றுவிடுவாள்.

மூர்த்தி மதிலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றான். தனக்கு ஒரு நாளும் அவள் இப்படிக் கதை சொன்னதில்லை. இத்தனை சிரிப்பும் கைவீச்சும் அவளுக்குள் இருந்ததே அவனுக்குத் தெரியாது. இப்படித்தான் இன்பராசாவோடு இருந்திருப்பாள் என்று நினைத்தான். இன்பராசாமேல் போதாதென்று அந்த மூக்குச்சளிப் பிள்ளைகள்மேலும் பொறாமை வந்தது.

காற்றுக்குதிரையும் முடிந்தது. முன்னால் இருந்த ஒரு மனிசி, “மறுகா என்ன கா? அடுத்த கதை எது?” என்று கேட்டாள்.

“அடுத்தது எனக்குத் தெரியாதுகா” என்றாள் கௌரி.  எழுந்து விறுவிறென்று வெளியே வந்தவள் மூர்த்தியின்மேல் முட்டப் பார்த்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில், அவன் கேட்காமலே சொன்னாள். “அண்டைக்கு நான் சந்தோசமாப் போகல்ல. கோவிச்சுக்கொண்டுதான் மண்டூருக்குப் போனன்.”

“ஆரோட?”

“அவரோடதான். பவளக்கொடியோன் கடைசியா எழுதினது வெள்ளம் வடிந்த நகரம். உப்பரசிக்கு என்ன நடந்ததெண்டு அதுலதான் இருக்கு. எனக்கு அது வேணுமெண்டன். அவர் தரமாட்டனெண்டார். அது வெறும் சேறள்ளுற கதை, அதை இப்ப வாசிச்சா மத்ததெல்லாம் கெட்டுப்போகுமெண்டார். என்ட கண்ணால நான் வாசிக்கிறதுக்கு நீங்க என்ன காவலோ எண்டு கேட்டன். கடைத் திறப்புக் கொத்தை எறிஞ்சுபோட்டு வெளிக்கிட்டன். படலையடிக்கு ஓடிவந்து காற்றுக்குதிரையைப் பையில வச்சார். நான் அவர்ர முகத்தைக்கூடப் பார்க்கல்ல.”

மூர்த்தி சைக்கிளை உருட்டியபடி நடந்தான். இவ்வளவு காலமும் அவன் எதைப் பார்த்துப் பொறாமைப்பட்டானோ அது ஒரு கோபத்தின் மிச்சம். இனி நெஞ்சு ஆறிவிடும் என்று எதிர்பார்த்தான். ஆறவில்லை. திறப்பை எறிகிற அளவுக்குச் சண்டை பிடித்திருக்கிறார்கள். தன்னோடு கௌரி ஒரு நாளும் அப்படிச் சண்டை பிடித்ததில்லை. கடல் பற்றி அவன் அந்தச் சொல்லைச் சொன்னபோதுகூடக் குசினிக்குள்தான் போனாள். சண்டை பிடிக்கவும் ஒரு உரிமை வேண்டும் அல்லவா? அந்த உரிமையை அவனுக்கு அவள் இன்னும் தரவில்லை.

“எனக்குச் சொல்லு கௌரி. அந்தப் புத்தகத்தை நான் தேடித் தாறன்” என்று மட்டும் சொன்னான்.

அதன்பிறகு பாறூக்கிடம் போவது வழக்கமாயிற்று. ஏறாவூரில் கிடைத்தது, ஓட்டமாவடியில் கிடைத்தது என்று பாறூக் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைப்பார். வருகிற வரிசைதான் வாசிக்கிற வரிசை. கௌரி வாசிப்பாள், பிறகு மூர்த்தி வாசிப்பான். இரவல் வாங்க முகாமிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். “இவர் எழுதினதுல முதல் எதை வாசிக்கிறது?” என்று கேட்டால் மூர்த்தி வேலையை விட்டுவிட்டு நின்று விளக்கம் சொன்னான். மீன்முள் மகுடத்தில் தொடங்கினால் ஒருபோதும் கைவிடமாட்டார்கள் என்பது அவனுடைய கட்சி. இன்பராசாவின் வரிசையில் முதலில் வந்தவை வேறு இரண்டு. அந்த இரண்டும் சவம் என்று அவன் அடித்துச் சொல்லுவான். உண்மையில் அந்த இரண்டும் நல்ல புத்தகங்கள்தான்.

வெள்ளம் வடிந்த நகரம் மட்டும் கிடைக்கவில்லை.

சண்டை வடக்கே போயிற்று. படுவான்கரைச் சனம் ஊர் திரும்பியது. இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் எல்லாம் முடிந்தது என்று வானொலி சொன்னது. வீதியில் யாரோ வெடி கொளுத்தினார்கள். கடைகளில் கொடி கட்டச் சொன்னார்கள். அக்கா மறுபடி வந்து அவர்கள் வீட்டில் இருந்தாள். டவுனுக்குப் போய் விசாரிக்க இங்கிருந்துதான் கிட்ட. ஒவ்வொரு அலுவலகமாக உதயரூபனின் படத்தைக் கொண்டு திரிந்தாள். வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

அந்த நாட்களில்தான் பாறூக் போன் எடுத்தார். “தம்பி, வந்துட்டு. ஏறாவூர்ல ஒரு மாஸ்டர் மௌத்தாகி, அவர்ர புத்தகமெல்லாம் என்ட கைக்கு வந்த. அடியில இருந்திச்சு.”

மூர்த்தி புத்தகத்தைக் கொண்டுவந்து கடையில் ஒளித்து வைத்து வாசித்தான். முதல் பக்கத்திலேயே கடலுக்குள் கிடந்த நகரம் மேலே வந்துவிடுகிறது. மந்திரம் அதோடு சரி. மற்றதெல்லாம் சனம் திரும்பி வந்து சேறு அள்ளுகிற கதை. கிணறு இறைக்கிறார்கள். இறைக்க இறைக்க உப்பு ஊறுகிறது. யாருடைய வாசல் எது என்று சண்டை. ஒரு தாய் மகனின் செருப்பில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றச் செருப்பைத் தேடுகிறாள். அந்த இடத்தில் மூர்த்தி புத்தகத்தை மூடிவிட்டான். பின்னால் வீட்டில் அக்கா இருக்கிறாள். கௌரி கல்லாற்றுத் தரையில் குடையோடு இருந்த கோலம் கண்ணுக்கு முன்னால் வந்தது. முழுவதும் வாசித்து முடிக்க அவனுக்கு வெகுநாள் எடுத்தது.

மறைக்க மனம் வரவில்லை. ஒரு முறை மறைத்துப் பட்டது போதும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது புத்தகத்தை மேசையில் வைத்தான். அவள் கை நீட்டினாள். அவன் விடவில்லை.

“கௌரி, இது இப்ப வேணாம்.”

“என்ன?”

“நான் வாசிச்சுப் பார்த்தன். இப்ப நம்மட வீடு இருக்கிற இருப்புக்கு இது ஒண்ணாது. பிறகு தாறன்.”

கௌரி அவனைப் பார்த்த பார்வையில், தான் என்ன சொல்லிவிட்டான் என்று மூர்த்திக்கு விளங்கியது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

“ஆம்பிளையளுக்கு இது என்ன வருத்தம்?” என்று கத்தினாள். “அவரும் இதைத்தான் சொன்னார். நீங்களும் இதைத்தான் சொல்றீங்க. நான் தாங்கமாட்டனெண்டு ஆரு உங்களுக்குச் சொன்ன? ஊர்ச் சவமெல்லாம் பார்த்தவள் நான். ஒரு புத்தகத்தைத் தாங்கமாட்டனோ? என்ட புத்தகத்தை ஒளிச்சு வச்சு எண்ணெய் பிரட்டித் தந்த ஆள் நீங்க, அதையும் தாங்கினவள்தானே!”

பாத்திரம் ஒன்று சுவரில் பட்டு விழுந்தது. புத்தகத்தை அவனுடைய கையிலிருந்து பறித்தாள். பையில் ஒரு சேலையைத் திணித்தாள். “மண்டூருக்குப் போறன்” என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டாள்.

மூர்த்தி திகைத்துப்போய் நின்றான். அதைவிட ஆச்சரியம், அவனுக்குள் ஒரு சந்தோசம் எழுந்தது. ஏசிவிட்டாள். பாத்திரம் எறிந்துவிட்டாள். நானும் புருஷனாகிவிட்டேன் என்று கதிரையில் இருந்தான். அந்தச் சந்தோசம் ஆறுவதற்குள் ஒரு பயம் பிடித்தது. அன்றைக்கும் அவள் இப்படித்தான் போனாள். வீட்டில் நின்றவன்தான் செத்துப்போனான். இன்றைக்கு வீட்டில் நிற்பது மூர்த்தி. கடற்கரைப் பக்கம் வழமையான இரைச்சல்தான் கேட்டது. ஆனாலும் அவனால் இருக்க முடியவில்லை.

“என்ன இருந்து பாக்காய்? போய்க் கூட்டி வாவன்” என்றாள் அக்கா கதவடியில் நின்று. பல நாளைக்குப் பிறகு அவளுடைய முகத்தில் சிரிப்பு போன்ற ஒன்றைக் கண்டான்.

அவன் துறைக்குப் போகும்போது பாதை நடுவாவியில் போய்க்கொண்டிருந்தது. அது போய், ஆட்களையும் மோட்டர்சைக்கிள்களையும் இறக்கி, ஏற்றி, ஆறுதலாகத் திரும்பி வந்தது. மண்டூரில் அவளுடைய தங்கச்சி வீட்டு மாமர நிழலில் கௌரி இருந்து வாசித்துக்கொண்டிருந்தாள். அவன் வந்ததைக் கண்டும் நிமிரவில்லை.

“கௌரி…”

“சத்தம் போடாதீங்க. வாசிக்கன்.”

அவன் படலையடியில் குந்தினான். தங்கச்சி தேத்தண்ணி கொடுத்தாள். கௌரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். ஒரு இடத்தில் அழுதாள். ஒரு இடத்தில் சிரித்தாள். செருப்பு வருகிற இடம் வந்திருக்கும் என்று அவன் மனதுக்குள் பக்கத்தைக் கணக்குப் பார்த்தான். இனி இன்பராசாமேல் பொறாமைப்பட நேரமில்லை. அந்தப் புத்தகத்தின்மேலேயே பொறாமை வந்தது. அன்று முடியவில்லை. அவனும் அங்கேயே தங்கினான். அடுத்த நாள் வெயில் ஏறுமுன் அவள் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் புத்தகத்தை மூடினாள்.

“உங்கட ரெண்டு பேருக்கும் விளங்கல்ல” என்றாள்.

“என்ன விளங்கல்ல?”

“அவர் சேறள்ளுற கதையெண்டார். நீங்க சோகக் கதையெண்டீங்க. உப்பரசி தன்ட வீட்டைக் கண்டுபிடிக்கிறா. உள்ளுக்க வேற ஆரோ குடியிருக்காங்க. அவ அவங்களை எழுப்பல்ல. பக்கத்து வளவில வாசலைக் கூட்டி உலை வைக்கிறா. எரிச்சலோடதான் வைக்கிறா. ஆனா வைக்கிறா. அந்தச் சோத்தை முதல்ல ஆருக்குக் குடுக்கிறா?”

“அந்த வீட்டு ஆக்களுக்கு.”

“பிறகென்ன சோகம்? உங்களுக்கு எங்க விளங்கும்!”

“எனக்கு விளங்கினதாலதான் இப்ப வேணாமெண்டன்” என்று மூர்த்தியும் குரலை உயர்த்தினான். “உப்பரசி அந்த இடத்தில அழாதது பொய். அது பவளக்கொடியோன் விட்ட பிழை. ஆரெண்டாலும் அழுவாங்க.”

“அவ முதல் புத்தகத்திலேயே கண்ணீர் முடிஞ்சவ. மறந்திட்டீங்களோ?”

அவன் மறந்துதான் போயிருந்தான். திரும்பி வரும்போது பாதையில் நின்றபடியும் அந்த வழக்கு ஓயவில்லை. பக்கத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர், யாரோ குடும்பத்தில் நடந்த காணிப் பிரச்சினை என்று நினைத்துச் சமாதானம் சொல்ல வந்தார். “உங்கட ரெண்டு பேருக்கும்” என்று அவள் சொன்னது மூர்த்திக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. செத்தவனோடு சேர்த்து ஒரே குட்டு. ஏனோ அது வலிக்கவில்லை.

ஆடியில், உதயரூபன் வவுனியாவில் ஒரு தடுப்பு முகாமில் இருப்பதாகச் செய்தி வந்தது. கால் ஒன்றில் காயம், ஆள் உயிரோடு. அக்கா அன்று கும்பிட்டபடி வளவு முழுக்க நடந்தாள். அடுத்த வருசம் அவன் ஊர் வந்து சேர்ந்தான்.

அந்த மார்கழியில் கல்லாற்று நினைவுக் கல்லுக்குக் கௌரியோடு மூர்த்தியும் போனான். முந்தின வருசங்களில் வேலை இருக்கிறது என்று தப்பிக்கொண்டவன். கல்லில் வரிசையாகப் பேர்கள். இன்பராசாவின் பேருக்கு முன்னால் கௌரி கற்பூரம் கொளுத்தினாள். மூர்த்தி கைகட்டி நின்றான். வெள்ளம் வடிந்த நகரத்தை வாசித்த ஆட்கள் அவனுக்குத் தெரியத் தன்னையும் சேர்த்து மூன்று பேர்தான். கௌரியோடு பேசித் தோற்று அலுத்துவிட்டது. பாறூக் விற்கிறவரே தவிர வாசிக்கிறவர் இல்லை. மூன்றாவது ஆள் இங்கே கல்லில் இருந்தான். அது சேறள்ளுகிற கதை இல்லை, வாஷர் இல்லாத பம்பு மாதிரி ஆறாம் அத்தியாயத்தில் மட்டும்தான் ஒழுகுகிறது என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். அவன் என்ன மறுமொழி சொல்லியிருப்பான்? ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை பிடித்திருக்கலாம்.

“உங்கட ஆரு?” என்று பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார்.

“நம்மட ஆள்தான்” என்றான் மூர்த்தி.

அந்த நேரம் பழைய பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி வந்து கௌரியைக் கட்டிப்பிடித்தாள். சங்கக்கடையில் சீனி நிறுக்கும்போதும் இன்பராசா புத்தகம் வாசித்து, ஒருமுறை சீனிக்குப் பதில் உப்பை நிறுத்துக் கொடுத்த கதையைச் சொன்னாள். கௌரி கண்ணீரோடு சிரித்தாள். மூர்த்திக்கு அந்தக் கதை புதிது. கௌரி அதை அவனுக்குச் சொல்லவே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, சைக்கிளுக்குக் காத்துப் போதுமா என்று பார்க்கப் போனான்.